கார்பன் ஸ்டீல் கத்தியின் வாய் மடங்குகிறது: பதம் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கியது) முழுவதும் கெட்டதா, விளிம்பு மட்டுமா?

விலை குறைந்த முகாம் கத்தி ஒன்றில் வாய் (வெட்டும் விளிம்பு) நிற்கவே மாட்டேன் என்கிறது. 1095 கார்பன் ஸ்டீல், அலகு 11 செ.மீ., முதுகு 4 மி.மீ., ஸ்காண்டி கிரைண்ட் (வாய் வரை ஒரே அகலச் சரிவாகத் தீட்டியது), ஃபுல் டாங் (அலகின் இரும்பு பிடியின் முழு நீளத்துக்கும் போவது). வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. காய்ந்த வன்மரத்தில் சுருள் சீவினாலே முனைப்பக்கம் 3 செ.மீ. நீளத்துக்கு வாய் ஒரு பக்கமாக மடங்கிவிடுகிறது. உடைவதில்லை, சில்லு பெயர்வதும் இல்லை. பிடியை ஒட்டிய பகுதி சவரம் செய்யும் கூரோடு அப்படியே இருக்கிறது.

பெவலில் (வாயை நோக்கிய சரிவில்) மார்க்கர் பூசிக் கோணம் சரிபார்த்தாயிற்று. 400, 1000 கிரிட் கல், பிறகு தோல்பட்டை. பிசிறு முழுவதும் போய்விட்டது. பக்கத்துக்கு 25 டிகிரியில் மைக்ரோ பெவல் (வாய் நுனியில் மட்டும் ஒரு குறுகிய சரிவு) வைத்தும் பலனில்லை.

அரம் வைத்துப் பார்த்ததுதான் உறுத்துகிறது: பிடிப்பக்கம் வழுக்குகிறது, அதாவது கடினம்; முனைப்பக்கம் கடிக்கிறது, அதாவது மென்மை. முனை மெல்லியது, தொழிற்சாலைச் சாணையில் சீக்கிரம் சூடேறியிருக்கும் என்பது என் கணிப்பு. அதிகம் சூடேறிய எஃகில் வரும் நீல நிறம் எதுவும் தெரியவில்லை, ஆனால் கடைசி மெருகேற்றலில் அது அழிந்திருக்கலாம்.

சூட்டில் இளகிய விளிம்பு என்றால், நல்ல இரும்பு வரும்வரை எத்தனை மி.மீ. தேய்த்துப் பார்க்கலாம்? எந்த அளவைத் தாண்டினால் மொத்தப் பதமே தவறு என்று முடிவுக்கு வருவீர்கள்?