ஃபைல்ல ரெண்டு வார்த்தைய ஒன்னுக்கொன்னு மாத்தணும், செட் (sed, தேடி மாத்துற கமாண்டு) வச்சு பண்ணா எல்லாம் ஒரே வார்த்தை ஆயிடுது

ஊர்க்குருவி:
வணக்கம். எங்க குழுவோட மூணு வருஷ கணக்கு ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு, 2140 வரி, உபுண்டு மெஷின். வரி இப்படி இருக்கும்:

12-04-2023|வரவு|1500|அரிசி வாங்கியது பற்றி தனி நோட்டில் இருக்கு
15-04-2023|பற்று|800|சந்தா, மீதி இன்னும் வரவில்லை

பற்று வரவு ரெண்டையும் ஆரம்பத்துலருந்தே தலைகீழா போட்டு வச்சிருக்காங்க. செட் கமாண்டுல மொதல்ல பற்று எல்லாத்தையும் வரவுன்னு மாத்தினேன், அடுத்து வரவு எல்லாத்தையும் பற்றுன்னு மாத்தினேன், தொறந்து பாத்தா ரெண்டாவது காலம் (மொத ரெண்டு பைப் குறிக்கு (|) நடுவுல இருக்குற பகுதி) முழுக்க பற்று மட்டும்தான். ஒரிஜினல் காப்பி இருக்கு. திங்கக்கிழம ஆடிட்டர்கிட்ட குடுக்கணும், யாராவது வழி சொல்லுங்க.

கருப்புத்திரை:
மொத மாத்தம் முடிஞ்சதுமே எது பழைய வரவு எது புது வரவுன்னு பிரிக்க முடியாம போயிடுது, அதான் காரணம். பாலையும் மோரையும் டம்ளர் மாத்தணும்னா மூணாவது டம்ளர் வேணும்ல, அந்த மாதிரி ஃபைல்ல எங்கயுமே இல்லாத ஒரு குறிய நடுவுல வைங்க:

செட் 'எஸ்/பற்று/##/ஜி; எஸ்/வரவு/பற்று/ஜி; எஸ்/##/வரவு/ஜி'

## ஏற்கனவே ஃபைல்ல இருக்கான்னு கிரெப் (grep, ஃபைல்ல தேடுற கமாண்டு) போட்டு பாத்துக்கோங்க.

வரப்புமேடு:
இது மாத்தும், ஆனா குறிப்பு காலத்தையும் சேத்து மாத்திடும், கணக்குல அது ரொம்ப தப்பு. 'வரவு செலவு'ன்னு எழுதியிருந்தா 'பற்று செலவு' ஆயிடும், 'பற்றுச்சீட்டு' இருந்தா 'வரவுச்சீட்டு'. இன்னும் சிலர் 'வரவை', 'பற்றில்' எல்லாம் மாட்டணும்னு கடைசி உகரத்த விட்டுட்டு 'வரவ', 'பற்ற'ன்னு தேடுவாங்க, அத மட்டும் பண்ணிடாதீங்க. யூனிகோட்ல எழுத்து தனி, அதோட சேர்ற உயிர்க்குறி தனி, அதனால 'வரவில்லை' போய் 'பற்றில்லை'ன்னு நிக்கும், 'வரவேற்பு' 'பற்றேற்பு' ஆகும், 'பற்றி' 'வரவி' ஆகும். தமிழ்ல வார்த்தைய தேடி மாத்துறத விட இடத்த சொல்லி மாத்துறதுதான் நம்பிக்கையானது. உங்க ஃபைல்ல காலம் பிரிஞ்சே இருக்கு, ஆக் (awk, வரிய காலம் காலமா பிரிச்சு மாத்துற கமாண்டு) போதும்:

ஆக் -எஃப்'|' -வி ஓஎஃப்எஸ்='|' '/\|/{$2=($2=="பற்று")?"வரவு":($2=="வரவு")?"பற்று":$2}1' கணக்கு > புதுகணக்கு

ரெண்டாவது காலத்த மட்டும் தொடும், ஒரு வரிய ஒரு தடவதான் பாக்கும், அதனால மூணாவது டம்ளரே வேண்டாம். ஓஎஃப்எஸ் விட்டுட்டீங்கன்னா வெளிய வரும்போது பைப் குறி போய் ஸ்பேஸ் வந்துடும். > போட்டுட்டு அதே ஃபைல் பேர குடுக்கவே குடுக்காதீங்க, ஆக் படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஷெல் (நீங்க அடிக்கிற கமாண்ட ஓட்டுற புரோகிராம்) அந்த ஃபைல காலி பண்ணிடும். நான் அப்படி ஒரு நாள் வேலைய தொலைச்சிருக்கேன்.

ஊர்க்குருவி:
ரொம்ப நன்றிங்க, குறிப்பு எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா புது ஃபைல்ல கிரெப் -சி '|பற்று|' 1012, '|வரவு|' 1117, கூட்டினா 2129தான் வருது. 11 வரி எங்க போச்சு?

கருப்புத்திரை:
எண்ணி பாத்தது நல்லதா போச்சு. அந்த 11 வரியிலயும் வார்த்தைக்கு முன்னாடியோ பின்னாடியோ ஸ்பேஸ் இருக்கும், 'பற்று ' வேற 'பற்று' வேறன்னுதான் ஆக் எடுத்துக்கும். அந்த கமாண்டுல -எஃப்'|' இருக்குற எடத்துல -எஃப்' *[|] *' போடுங்க, பைப் குறிய ஒட்டி இருக்குற ஸ்பேஸ் எல்லாம் போயிடும். ஒரிஜினல் மேல ஓட்டுங்க, மாத்தின ஃபைல் மேல ஓட்டினா சரியான 2129 வரியும் திரும்ப தலைகீழா போயிடும்.

வரப்புமேடு:
ஆமா. இன்னொன்னு, செட்தான் வேணும்னா 'எஸ்/| *பற்று *|/|வரவு|/;டி;எஸ்/| *வரவு *|/|பற்று|/' போட்டாலும் நடக்கும், மொத மாத்தம் நடந்துச்சுன்னா டி (t, d இல்ல) அந்த வரிய அதோட முடிச்சிடும். -ஈ (பெரிய E) சேக்காதீங்க, சேத்தா பைப் குறிக்கு 'இது அல்லது அது'ன்னு அர்த்தம் மாறிடும். மேக்ல டி-க்கு அப்புறம் அரைப்புள்ளி ஏத்துக்காது, தனி வரியில எழுதணும்.

ஊர்க்குருவி:
ஒரிஜினல் மேல ஓட்டினேன். 1018ம் 1122ம், மொத்தம் 2140. பழைய ஃபைல்ல வரவு எத்தனையோ புதுசுல பற்று அத்தனை இருக்கான்னு ஸ்பேஸயும் சேத்து தேடி பாத்துட்டேன், சரியா இருக்கு.