பால் குறைகிறது, மாடும் இளைக்கிறது: தீவனக் கணக்கில் எங்கே பிழை?

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். ஜெர்சி கலப்பினப் பசு, மூன்றாம் ஈற்று, கன்று போட்டு இரண்டரை மாதம், எடை சுமார் 350 கிலோ. 10 லிட்டர் கறந்தது, மூன்று வாரமாக 7 லிட்டரைத் தாண்டவில்லை. விலா எலும்பு தெரிகிறது. சாணம் இளகிப் போகிறது.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் என்பதால், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடிவைத்துக் கொடுக்கிறேன். ஆறவிட்டுத்தான் போடுகிறேன், பிரிக்கும்போது வரும் நெடி மூக்கைத் துளைக்கும். நாளுக்கு 6 கிலோ. கூடவே உளுந்தம்பொட்டு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ, தாது உப்பு. பால் குறைந்ததும் புண்ணாக்கை 2 கிலோ ஆக்கினேன். காசு போனதுதான் மிச்சம், சாணம் இன்னும் இளகியது. கோடையில் பசும்புல் கிடையாது. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. மடிநோய் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

புரதம் மிஞ்சி, எரிசக்திதான் போதவில்லை என்று தோன்றுகிறது. புண்ணாக்கைக் குறைத்து மக்காச்சோள மாவு சேர்ப்பதானால், வயிறு புளிக்காமல் எத்தனை கிலோ வரை போகலாம்?