94% ஒத்துப்போகுது, கப்பா (தற்செயலைக் கழிச்ச ஒத்துமை அளவு) மட்டும் 0.54: கோளாறு கருவியிலயா, கேக்கிறதுலயா?

களப்பணி_கணியம்பாடி:
கணியம்பாடி ஒன்றியத்துல மனச்சோர்வு, பதற்றம் பத்தி வீடு வீடா கணக்கெடுப்பு. கருவி சி.ஐ.எஸ்.-ஆர் பேட்டிக் கேள்வித்தாளோட தமிழ் வடிவம், வெட்டுப்புள்ளி 12 (மொத்த மதிப்பெண் 12-ம் அதுக்கு மேலயும் வந்தா 'பாதிப்பு உண்டு'). முன்னோட்டமா 100 பேரை ரெண்டு களப்பணியாளர்கள் தனித்தனியா பேட்டி எடுத்தாங்க. ரெண்டு பேருமே 'பாதிப்பு உண்டு'ன்னது 4, 'இல்லை'ன்னது 90. முதல்ல போனவர் மட்டும் உண்டுன்னது 5, அடுத்துப் போனவர் மட்டும் 1. திரும்பப் பயிற்சி கொடுக்கணுமா, கருவியையே மாத்தணுமா?

எண்கணக்கு:
கருவியை மாத்தாதீங்க. ஊர்ல பெரும்பாலானவங்களுக்குப் பாதிப்பு இல்லாததால தற்செயலாவே 87% ஒத்துப்போயிடும். மிச்சம் 13-ல நீங்க பிடிச்சது 7 (94-87). கப்பா அதைத்தான் சொல்லுது. பாதிப் பேருக்குப் பாதிப்பு இருக்கிற ஓ.பி.யில இதே 94% வந்தா 0.88 காட்டும். 2013-ல வெளியான டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு) களச் சோதனையில பெரும் மனச்சோர்வுக்குக் கப்பா 0.28தான். அங்க டாக்டருங்க கட்டமைப்பு இல்லாம, வழக்கம்போல விசாரிச்சாங்க.

காட்பாடி_சைக்:
பரவல் விகிதத்து (ஊர்ல எத்தனை பேருக்குப் பாதிப்புங்கிறது) மேல பழியைப் போட்டுட்டுப் போக முடியாது. யாராவது ஒருத்தர் 'உண்டு'ன்ன 10 பேர்ல ஒத்துமை 4 பேர்லதான். அதோட 5-க்கு 1-ங்கிற சாய்வைப் பாருங்க. எப்பவும் ஒரே ஆள்தான் முதல்ல போனாரா? அப்படின்னா அது ஆளோட பழக்கமா, வரிசையோட விளைவான்னு பிரிக்கவே முடியாது. ரெண்டாம் தடவை கேட்டா ஜனங்க குறைச்சுதான் சொல்வாங்க. 'ஆமா'ன்னா பின்னாடியே நாலு கேள்வி வரும்னு தெரிஞ்சுபோச்சே. பாதி வீட்டுக்கு முதல் ஆளை மாத்தி அனுப்புங்க. இடைவெளி ரெண்டு மூணு நாளைத் தாண்ட வேண்டாம். மதிப்பெண் கடந்த 7 நாளுக்குத்தான், பத்து நாள் கழிச்சுப் போனா வேற வாரத்தை அளக்கிறீங்க.

மாறுபட்ட 6 பேரோட மொத்த மதிப்பெண்ணையும் எடுத்துப் பாருங்க. 11, 12, 13-னு இருந்தா பெரிய விஷயமில்ல. ஒருத்தர் 5, இன்னொருத்தர் 16-னா கேள்வித்தாள்ல முழுசா சில பிரிவுகளே விட்டுப்போயிருக்கு.

திண்ணை:
விட்டுப்போறது பிரிவோட நுழைவுக் கேள்வியில. 14 பிரிவுல பெரும்பாலானதுல முதல்ல கடந்த மாசத்தைத்தான் கேப்பாங்க. அங்க 'இல்லை' விழுந்தா அந்தப் பிரிவோட மதிப்பெண் மொத்தமும் போச்சு. "தூக்கம் வரலையா?"ன்னு வாய்க்கு வந்தபடி கேட்டு "இல்ல"ன்னு பதில் வந்தா எதை எழுதுவாங்க? தாள்ல உள்ளபடியே படிக்கணும். மாமியார் பக்கத்துலயே பீடி சுத்திட்டிருந்தா, மருமக கிட்ட சாவைப் பத்தின நினைப்பைக் கேட்டா 'இல்லை'தான் வரும். கூட யார் இருந்தாங்கன்னு குறிக்கத் தாள் மூலையில ஒரு கட்டம் போடுங்க.

இன்னொண்ணு: அனுமதி வாங்கி 10 பேட்டியை ஒலிப்பதிவு பண்ணி, ரெண்டு பேரும் அதைக் கேட்டு மதிப்பெண் போடட்டும். அதுல ஒத்துப்போயி வீட்டுல மாறினா பயிற்சி சரி, வீட்டுச் சூழலும் வரிசையும்தான் கோளாறு. ஆனா அந்த ஒத்துமையை மட்டும் அறிக்கையில காட்டிடாதீங்க. ரெண்டு பேரும் கேட்டது ஒரே பதிலைத்தானே, அது கூடுதலாத்தான் வரும்.