இருட்டில் எந்த ஃப்ளை? கடல் ட்ரவுட் தேடிய இரவுகள்

இன்வர்னஸிலிருந்து:

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் கடல் ட்ரவுட் மீனுக்காகத் தூண்டிலோடு நான் நின்ற முதல் வாரம் ஒரு மீன்கூடத் தொடவில்லை. பெட்டியில் நாற்பது ஃப்ளை (கொக்கியில் இறகும் ரோமமும் கட்டிய போலி இரை) இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கட்டினேன். ஐந்தாம் இரவு, பக்கத்தில் நின்ற ஸ்காட்லாந்துப் பெரியவர் ஒருவர் என் பெட்டியை வாங்கிப் பார்த்தார், மூடினார், திருப்பிக் கொடுத்தார். "கலரை விட்டுடு. இப்போ மீன் எந்த ஆழத்துல இருக்கு, உன் ஃப்ளை எந்த ஆழத்துல போகுது, அதை மட்டும் பாரு" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

ஆற்றிலேயே கிடக்கும் பழுப்பு ட்ரவுட்டும் கடல் ட்ரவுட்டும் ஒரே இனம்தான். இது கடலுக்குப் போய்க் கொழுத்து, வெள்ளி முலாம் போட்டதுபோலத் திரும்பி வருகிறது. வந்த பிறகு பெரிதாக இரை எடுக்காது. பகலில், தெளிந்த தண்ணீரில், நம் நிழல் அசைந்தாலே ஒதுங்கிவிடும். அதனால்தான் ராத்திரி. ஸ்பே கரையிலுள்ள கிரான்டவுன் ஊர்ப் பக்கம் ஜூன் கடைசியில் சூரியன் மறையவே பத்து மணி தாண்டும். எதிர்க்கரை மரத்தில் இலை வேறு கிளை வேறு என்று தெரியாமல் எல்லாம் ஒரே கறுப்பாகும்வரை நான் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அவசரப்பட்டு இறங்கினால் அந்த மடுவே அன்றைக்குக் கெட்டுவிடும்.

முதல் ஒன்றரை மணி நேரம் மீன் மடுவின் வால்பகுதியில், அதாவது தண்ணீர் வெளியேறும் கீழ்முனையில், முழங்கால் ஆழத்தில் நடமாடும். அப்போது மிதக்கும் லைன் (தூண்டில் கயிறு), பத்தாம் நம்பர் கொக்கி. (நம்பர் ஏற ஏறக் கொக்கி சிறிசாகும், புதிதாக வருபவர்கள் இதில் குழம்புவார்கள்.) சில்வர் ஸ்டோட்ஸ் டெயில் என்ற ஃப்ளையைக் கட்டுவேன்: வெள்ளி ஜரிகை சுற்றிய உடல், மேலே கறுப்பு ரோமம். இல்லையென்றால் டீல் ப்ளூ அண்ட் சில்வர். இரண்டுமே மேற்பரப்புக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் போனால் போதும்.

நடுநிசிக்கு மேல் குளிர் இறங்கும், துள்ளல் சத்தம் நின்றுவிடும். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். என் நல்ல மீன்களெல்லாம் அதற்கப்புறம் கிடைத்தவை. போன ஜூலையில் ஒரு இரவு, மணி 1:40. தண்ணீர்மேல் பனிமூட்டம் படர ஆரம்பித்திருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஜாக்கெட்டுக்குள் சிவப்பு விளக்கைப் போட்டு, வீட்டிலேயே முடிச்சுப் போட்டுத் தக்கையில் சுற்றி வைத்திருந்த, லைன் நுனிக்கான நைலான் நரம்பை மாட்டினேன். மூன்று அங்குல நீளத்தில் மெலிந்த ஃப்ளை, கறுப்பும் நீலமும். லைனும் மூழ்குகிற லைன். வீசிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணி, விரல் நுனியால் மெதுவாகச் சுருட்டினேன். மூன்றாவது வீச்சில் பாசியில் சிக்கினதுபோல லைன் கனத்தது. அவ்வளவுதான். அடுத்த நொடி எங்கேயோ இருட்டில் தொப்பென்று விழுகிற சத்தம். இதற்கு வாய் மிருது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதன் போக்கிலேயே விட்டேன். வலையில் மூன்றரை பவுண்டு இருந்தது. தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்தின் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தேன். வாலை ஒரு உதறு உதறிப் போனது.

சனிக்கிழமை இரவு மட்டும் எனக்கு இந்த நேரம் கிடைக்காது. ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் தூண்டில் போடச் சட்டம் இடம் கொடுக்காது. 12 அடித்ததும் சுருட்டிவிட வேண்டும்.

பின்மார்க், வட நோர்வேயிலிருந்து:

அண்ணை, உங்கட இருட்டு எங்களுக்கு இல்லை. தொண்ணூறுகளில இஞ்ச மீன் ஃபக்டரி வேலைக்கு வந்த தமிழ்ச் சனத்தில நானும் ஒராள். ஜூலையில இரவு 12 மணிக்கும் வெய்யில் நிக்கும். நான் இருட்டைப் பாக்காமல் நிழலைப் பாப்பன். வெய்யில் மலைக்குப் பின்னால போய், மடுவில நிழல் விழுற அந்த ரெண்டு மணித்தியாலம்தான் என்ர இரவு. ஃப்ளை சின்னன், பன்னிரண்டாம் நம்பர், கறுப்பு. வெள்ளி மினுக்கம் கூடினால் பின்னால வந்து பாத்துப்போட்டுத் திரும்பிப் போயிடும், கண்ணால கண்டனான். தண்ணி நுரைச்சு உடையிற இடத்தில மட்டும் பத்தாம் நம்பர் போடுவன். ஓகஸ்ட் கடைசியில இருட்டு திரும்பி வரேக்க, நீங்கள் சொன்ன அந்தப் பெரிய கறுப்பு நீலத்தை மூழ்கிற லைனோட கட்டிப் பாக்கிறன். பத்து எண்ணினது எவ்வளவு ஆழமான மடுவில எண்டு சொல்லுங்கோ.

இன்வர்னஸிலிருந்து:

தம்பி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஓட்டம் மெதுவான மடு. உங்க ஆற்றில் வேகம் அதிகமென்றால் கொஞ்சம் மேலே தள்ளி நின்று வீசி, பதினைந்து எண்ணுங்கள். ஃப்ளை அடியில் கல்லை ஒருமுறை தட்டியதும், அடுத்த வீச்சுக்கு இரண்டு எண்ணிக்கை குறையுங்கள்.