வெப் வேலையை விட்டு விமான மென்பொருளுக்குப் போகலாமா?

மின்மினி:
ஆறு வருடமாக வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். காலையில் எழுதியது மாலைக்குள் பயனர் கைக்குப் போய்விடும். இப்போது விமானக் கட்டுப்பாட்டு மென்பொருள் செய்யும் ஓர் இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு விமானம் என்றால் உயிர். ஆனால் அந்தத் துறையில் இருந்த ஒருவர், "நிரல் எழுதும் ஆசை இருந்தால் அந்தப் பக்கம் போகாதே" என்கிறார். உண்மையா?

தனிவழி:
உண்மைதான். ஐந்து வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். கடைசி வருடத்தில் நான் எழுதியது நானூறு வரி இருந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் ஆவணமும் ரிவ்யூவும்தான். பயணிகள் விமான மென்பொருளுக்குச் சான்று வாங்க டிஓ-178சி என்ற தரநெறி இருக்கிறது, 2011-இல் வந்தது. பழுதானால் விமானமே விழக்கூடும் என்ற நிலையில் உள்ள மென்பொருளை 'லெவல் ஏ' என்பார்கள். அதற்கு 71 இலக்குகளை நிறைவேற்றியதாகக் காட்ட வேண்டும். அதில் 30-ஐ, எழுதியவர் அல்லாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

ஒருமுறை ஓர் ஒப்பீட்டில் 'பெரியது' என்று இருந்ததை 'பெரியது அல்லது சமம்' என்று மாற்றினேன். அது முடிந்து கையெழுத்தாக ஏழு வாரம் ஆனது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் பல வருடப் பழசு, மாற்றினால் எல்லாச் சோதனையையும் திரும்ப ஓட்ட வேண்டும் என்பதால் யாரும் தொடமாட்டார்கள். அப்புறம் வெளியே வேலை தேடியபோது, எனக்கு என்ன தெரியும் என்பதையே புரியவைக்க முடியவில்லை. அந்த ஐந்து வருடம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

பழையபருந்து:
பதினான்கு வருடமாக இதில்தான் இருக்கிறேன், இன்னும் இருப்பேன். தனிவழி சொன்ன ஏழு வாரத்தை நான் வீண் என்று எண்ணவில்லை. எல்லையில் இருக்கும் அந்த ஒரு மதிப்புக்கு விமானம் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்ததுதான் அந்த மாற்றம். அதை ஒருவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது.

மின்மினி, லெவல் ஏ-இல் எம்சிடிசி என்று ஒரு சோதனை அளவுகோல் உண்டு. "சக்கரம் தரையில் இருக்கிறது, கூடவே இடது சென்சார் அல்லது வலது சென்சார் ஆம் என்கிறது" என்று ஒரு நிபந்தனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றும் தனியாக மாறும்போது முடிவு மாறுகிறது என்று நிரூபிக்க வேண்டும். எட்டுச் சேர்க்கையையும் ஓட்டத் தேவையில்லை, சரியாகத் தேர்ந்தெடுத்தால் நான்கே போதும். அந்த நான்கைத் தேடும்போதுதான், நான் எழுதிய நிபந்தனையில் ஒரு பகுதி எதையுமே மாற்றுவதில்லை என்று முதன்முறை கண்டேன். அது அங்கே இருக்கவே தேவையில்லை. வேறு எந்த வேலையிலும் என் நிரலை நான் அவ்வளவு நெருங்கிப் பார்த்ததில்லை.

ஏரியான் 5 ராக்கெட்டை நினைத்துப் பாருங்கள். 1996 ஜூன் 4, முதல் பயணம், ஏறக்குறைய 40 விநாடியில் சிதறியது. 64 பிட் மிதவை எண்ணை (தசம எண்ணை) அது கொள்ளாத 16 பிட் முழு எண்ணில் அடைக்கப் பார்த்ததுதான் காரணம். முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல் அது. அதே இடத்தில் ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். பிராசசர் சுமையைக் குறைக்க மூன்றை விட்டுவிட்டார்கள். மாற்றுக் கருவியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. கொடுமை என்னவென்றால், ஏரியான் 5-இல் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

தனிவழி:
சரி, அப்படியானால் போயிங் 737 மேக்ஸ் விமானம்? 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விபத்து, 346 உயிர். மூக்கு அதிகம் மேலே போனால் தானாகக் கீழே இறக்கும் எம்காஸ் மென்பொருள், தனக்கு எழுதிக் கொடுத்தபடிதான் நடந்தது. ஒரே ஒரு சென்சாரை நம்பி மூக்கைக் கீழே தள்ளச் சொல்லியிருந்தார்கள், தள்ளியது. நிரல் ரெக்வயர்மென்ட்டோடு, அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததோடு, பொருந்துகிறதா என்றுதான் நம் ஆவணங்கள் பார்க்கின்றன. அந்த ரெக்வயர்மென்ட்டே தவறாக இருந்தால்? அது மென்பொருள் குழுவுக்கு மேலே, முழு விமான அமைப்பையும் பார்க்கும் சிஸ்டம்ஸ் ஆட்கள் தீர்மானிப்பது என்பார்கள். எனக்கு அங்கேதான் நம்பிக்கை போனது. இரவெல்லாம் உட்கார்ந்து நான் நிரூபித்தது எதை?

பழையபருந்து:
அந்த விபத்துகளுக்குப் பிறகு எங்கள் குழுவிலும் யாருக்கும் நிம்மதி இல்லை. நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து நான் வந்த முடிவு வேறு. "தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த சரியான மதிப்பையே வைத்துக்கொள்" என்று ஒரு ரெக்வயர்மென்ட் ஒருமுறை என்னிடம் வந்தது. எவ்வளவு நேரத்துக்கு என்று அதில் இல்லை. கேட்டேன். மூன்று நாள் பதில் இல்லை, திரும்பக் கேட்டேன். எல்லையே வைக்கவில்லை என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. பழைய உயரத்தைக் காட்டிக்கொண்டே அந்தத் திரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்திருக்கும். மாற்றினார்கள். அந்த வாரம் நான் ஒரு வரிகூட நிரல் எழுதவில்லை. என் பதினான்கு வருடத்தில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அதுதான்.

தனிவழி:
உங்களுக்குக் காது கொடுத்துக் கேட்டார்கள். நான் அதே மாதிரிக் கேள்வி கேட்டபோது, "அது உன் மேசை இல்லை, அட்டவணை தள்ளிப்போகும்" என்றார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்பதை நிறுத்தியவன் அந்த வேலையில் இருக்கக் கூடாது என்று தோன்றித்தான் வெளியேறினேன்.

துருவன்:
விண்கலப் பக்கம் வேலை பார்ப்பவன் நான். இருவரும் பயணிகள் விமானத்தை வைத்தே பேசுகிறீர்கள். ஆளில்லாக் கலங்களில் நிலைமை வேறு. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் லினக்ஸ், கைப்பேசி வகைப் பிராசசர், எஃப் பிரைம் என்ற திறந்த மூல மென்பொருள். எஃப் பிரைமை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். மின்மினி, நேர்காணலுக்கு முன் படித்துவிடுங்கள்.

பழக்கங்களும் மாறும். ஓடத் தொடங்கிய பிறகு புதிதாக மெமரி கேட்கக் கூடாது, ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) கூடாது, ஒவ்வொரு லூப்புக்கும் உச்ச வரம்பு வேண்டும் என்பவை பல குழுக்களில் கட்டாயம். வெப்பில் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று விடுவதை இங்கே விட முடியாது. போயிங் 787-இன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு கவுன்ட்டர், 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் நிரம்பிவிடும், மின்சாரமே போகலாம் என்று 2015-இல் அமெரிக்க விமான ஆணையம் எச்சரித்தது. விநாடிக்கு நூறு என்று எண்ணினால், ஒரு பிட்டைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கிய 32 பிட் எண் நிரம்ப அதே 248 நாள்தான் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மின்மினி:
பழையபருந்து அக்கா, தனிவழி அண்ணா, நன்றி. நிரல் குறைவாக எழுதுவது எனக்குப் பயமில்லை என்று இப்போது தெரிகிறது. கேட்டால் வாயை மூடச் சொல்லும் இடத்தில் மாட்டிக்கொள்வதுதான் பயம். முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையபருந்து:
டெவலப்பர் கேட்டதால் கடைசியாக எந்த ரெக்வயர்மென்ட் மாறியது என்று கேளுங்கள். விவரம் ரகசியமாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒன்று நடந்ததா, எத்தனை நாளில் மாறியது என்று சொல்ல முடியும்.

தனிவழி:
புதிதாக எழுதப் போகிறீர்களா, யாரோ எப்போதோ எழுதியதற்கு டெஸ்ட் கேஸ் மட்டும் எழுதப் போகிறீர்களா என்பதையும் கேளுங்கள். புதியவர்களைப் பெரும்பாலும் இரண்டாவதில் போடுவார்கள். அப்புறம், ரெக்வயர்மென்ட்டில் சந்தேகம் கேட்கும் டெவலப்பர் சிஸ்டம்ஸ் குழுவோடு எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒரே மேசையில் உட்காருவார் என்று. எனக்கு அந்தக் கேள்வி அப்போது தோன்றவில்லை.

மின்மினி:
வியாழக்கிழமை நேர்காணல். மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.