ட்ரையரில் தீய்ந்த வாடை வருகிறது: சுருள் பழுதா, குழாய் அடைப்பா?

கேள்வி:
கீழக்கரையில் ஆறு வீடுகள் கொண்ட குடியிருப்பில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை என்பதால், மொட்டைமாடி அறையில் பொதுவாக ஒரு ட்ரையர் வைத்திருக்கிறோம். வெப்பக்காற்றைச் சுவர் வழியே வெளியேற்றும் வகை. முன்பு ஒரு மணி நேரத்தில் உலர்ந்த துணிக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. மேல்தகடு கை வைக்க முடியாமல் சுடுகிறது. நேற்று தீய்ந்த வாடையும் வந்தது. பஞ்சுத்தூசு வலையை வாரம் ஒரு முறை தட்டிவிடுகிறோம். சூடேற்றும் சுருள் பழுதாகியிருக்குமா?

பதில் 1:
காரணம் தெரியும்வரை துணி போட்டு ஓட்டாதீர்கள். சுருள் போயிருந்தால் சூடே இருக்காது. உங்களுக்கோ சூடு மிகுதி, உலர்வதுதான் தாமதம். குழாயை ட்ரையரின் பின்புறத்திலிருந்து கழற்றி, சூடில்லாத நிலையில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பின்துளையில் காற்று பலமாக வந்தால் அடைப்பு குழாயில்தான் இருக்கிறது.

கேட்டவர்:
பலமாகவே வந்தது, ஐயா. குழாய் சுருங்கி விரியும் பிளாஸ்டிக். பின்னால் நசுங்கிக் கிடக்கிறது. வெளிவாய் மூடி உப்புக்காற்றில் துருவேறி அசையவில்லை. மைனா கூடு கட்டாமலிருக்க யாரோ கொசுவலை வேறு கட்டியிருக்கிறார்கள். அதில் பஞ்சு மெத்தைபோல் படிந்திருக்கிறது.

பதில் 2:
நல்ல எண்ணத்தில் கட்டிய அந்த வலைதான் வினை. பஞ்சுத்தூசு எளிதில் பற்றும். பிளாஸ்டிக் குழாயும் சேர்ந்து எரியும். வலையை அகற்றிவிட்டு, உட்புறம் வழவழப்பான, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாய் போடுங்கள். இணைப்பில் திருகாணி முனை உள்ளே நீண்டால் தூசு அதில் சிக்கும் என்பதால், உலோக ஒட்டுநாடாவே போதும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி குழாயின் நீளத்தை 35 அடிக்குள் நிறுத்தி, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடி கழிக்கிறது. சமையலறைப் புகைப்போக்கியோடு இதை ஒருபோதும் இணைக்காதீர்கள். தூசு வலையை வாரம் ஒரு முறையல்ல, ஒவ்வொரு சுற்றுக்கும் துடைக்க வேண்டும். வெளிமூடியை, நம் கடற்கரையில், மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

பதில் 3:
இன்னொன்று: எண்ணெய்க் குளியல் துண்டுகளை அதில் போடாதீர்கள். துவைத்தாலும் நல்லெண்ணெய் முழுதும் போகாது. சூட்டோடு மடித்துக் குவித்தால் துணி தானாகவே சூடேறிப் பற்றக்கூடும். கடைசிக் குளிர்விப்பு நேரத்தையும் இடையில் நிறுத்தாதீர்கள். ஆறு வீட்டுப் பொருள் என்றால் யாரும் துடைக்க மாட்டார்கள். யார், எந்தத் தேதியில் துடைத்தார் என்பதைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

கேட்டவர்:
பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி எறிந்தாயிற்று. அலுமினியக் குழாய்க்கு இராமநாதபுரத்தில் சொல்லியிருக்கிறோம்; அது வரும்வரை கொடிதான்.