ஆரோவில்லில் சேர்ந்து வாழ விரும்பும் இளைஞர் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி (கோவை வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. பொறியியல் படித்து முடித்து, கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றி வருகிறேன். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் உழைப்பையும் உணவையும் பொதுவில் வைத்துக்கொண்டு, சொத்து சேர்ப்பதை வாழ்க்கையின் அளவுகோலாகக் கொள்ளாத மனிதர்களோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற எண்ணம் கல்லூரிக் காலத்திலிருந்தே என்னை விடவில்லை. இந்தியாவில் இத்தகைய முயற்சிகளில் நீண்ட காலம் நிலைத்து நிற்பது புதுச்சேரிக்கு அருகிலுள்ள பன்னாட்டுக் கூட்டு நகரமான ஆரோவில் என்பதால், அங்கே சேர்வதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கிறேன்.

சுற்றுலாப் பயணியாகச் சென்று, நகரின் நடுவிலுள்ள பொன்னிறத் தியான மண்டபமான மாத்ரிமந்திரைத் தொலைவிலிருந்து பார்த்துத் திரும்பியிருக்கிறேன். அதிலிருந்து எதுவும் விளங்கவில்லை. அங்கே நிரந்தரமாக வாழ்வதற்கான வழி என்ன? வீடும் வருமானமும் எப்படி அமைகின்றன? அங்கே குருவாக மதிக்கப்படும் அரவிந்தரிடமோ ஆரோவில்லை நிறுவிய அன்னையிடமோ பக்தி இல்லாத ஒருவனை ஏற்றுக்கொள்வார்களா? பெற்றோர் இதைத் துறவறம் என்று எண்ணிக் கலங்குகிறார்கள்; அவர்களுக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லவும் எனக்கு விவரம் தேவைப்படுகிறது.

மறுமொழி 1 (காடு வளர்ப்புப் பணியில் இருந்தவர்)

தம்பி, உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்த எண்ணம் நீண்ட நாள் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, 124 நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண் ஒரு தாழியில் இடப்பட்டது என்பதைப் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தாழியைச் சுற்றி அன்றிருந்த நிலம் எப்படிப்பட்டது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடும் மேட்டு நிலம் அது. மரமென்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனையும் முந்திரியும்தான் இருந்தன. முதலில் வந்தவர்கள் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. மழைநீரை நிறுத்த மண்கரை போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள், கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். இன்று நீங்கள் காணும் காடு அந்த உழைப்பினால் வந்தது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்து எண்ணற்ற மரங்களைச் சாய்த்துவிட்டபோது, சாய்ந்தவற்றை அகற்றி மறுபடியும் கன்று நட்டவர்களைக் கண்ட பிறகுதான், கூட்டு வாழ்க்கை என்பது எதனால் கட்டப்படுகிறது என்று எனக்கு விளங்கியது.

ஆகவே வேலையை விட்டுவிட்டுப் பெட்டி படுக்கையோடு போய் இறங்காதீர்கள். முதலில் தொண்டராகச் செல்லுங்கள். வாலண்டியர் என்றே அங்கே சொல்வார்கள். காடு, பண்ணை, பள்ளி, மண் கட்டடக்கலை, கழிவு மேலாண்மை, மென்பொருள் என்று பல பிரிவுகள் தொண்டர்களை ஏற்கின்றன. 2003 முதல் வறண்ட நிலத்தைக் காடாக்கிவரும் சாதனா ஃபாரஸ்ட் போன்ற இடங்களில் பல நாட்டு இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, காலையில் மண்ணில் உழைத்து, பாலும் முட்டையும் கூடச் சேர்க்காத தாவர உணவைச் சமைத்துப் பகிர்ந்து உண்கிறார்கள். ஆனால் தொண்டராகப் போகிறவர் பெரும்பாலும் தம் தங்கும் செலவையும் உணவுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் மட்டும் போகாமல், விருந்தினர் கூட்டம் வடிந்துவிடும் மே மாதத்திலும் அங்கே இருந்து பாருங்கள். தை மாதத்து ஆரோவில்லும் அக்கினி நட்சத்திரத்து ஆரோவில்லும் ஒன்றல்ல.

அதன் பிறகும் மனம் மாறவில்லை என்றால் நிரந்தரச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். புதிதாகச் சேர விரும்புகிறவரை நியூகமர் என்பார்கள். அந்தக் காலத்தில் உங்கள் வேலையையும், பிறரோடு நீங்கள் பழகும் விதத்தையும் கவனித்த பிறகே குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் ஏறும். விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறியிருப்பதால், நடப்பில் உள்ளவற்றை ஆரோவில் அறக்கட்டளையின் செயலர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பலருடைய கனவு இங்கேதான் தடுமாறுகிறது. ஆரோவில்லில் நிலமும் கட்டடமும் அறக்கட்டளைக்கே சொந்தம். உங்கள் பணத்தில் ஒரு வீடு கட்டினாலும் அதில் வாழலாமே தவிர, விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ முடியாது. தனிச் சொத்து வேண்டாம் என்ற கொள்கைக்கு இது முற்றிலும் பொருந்துகிறது. ஆனால் வீடுகள் போதாமையால், கையில் ஓரளவு பணம் உள்ளவருக்கே நுழைவு எளிதாகிறது என்ற வருத்தம் அங்குள்ளவர்களிடமே உண்டு. பொதுப்பணிகளில் முழுநேரம் உழைப்பவர்களுக்கு மெயின்டனன்ஸ் என்ற மாதாந்தரப் பராமரிப்புத் தொகை கிடைக்கும். அது எளிய வாழ்க்கைக்கு உதவுமே அன்றி, ஊரில் உள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பும் அளவுக்கு இராது. தொடக்க காலத்துக்கு உங்கள் செலவுகளை நீங்களே பார்த்துக்கொள்ளும் சேமிப்பு கட்டாயம் வேண்டும். இதை உங்கள் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே திருமணம் செய்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எனவே துறவறம் என்ற அச்சம் தேவையற்றது.

மறுமொழி 2 (இடையஞ்சாவடியிலிருந்து ஒரு பெண்)

தம்பிக்கு ஒரு செய்தி. ஆரோவில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைச் சுற்றியிருக்கும் ஊர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். குயிலாப்பாளையம், ஆலங்குப்பம், கோட்டக்கரை, இரும்பை, எங்கள் இடையஞ்சாவடி ஆகிய ஊர்கள் அந்த நகரத்துக்கு முன்பிருந்தே இங்கு இருப்பவை. எங்கள் தாத்தாவின் முந்திரிக் கொல்லையும் அந்த நிலத்தில் சேர்ந்ததுதான். கடுவெளிச் சித்தரின் சாபத்தால் இரும்பைப் பகுதி வறண்டதென்றும், தொலைதூரத்திலிருந்து மனிதர்கள் வந்து அதை மறுபடி பசுமையாக்குவார்கள் என்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

எங்கள் ஊர்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அங்கே கூலிக்கு வேலை செய்கிறார்கள். சிலர் ஆரோவில்வாசிகளாகவே ஆகியிருக்கிறார்கள். ‘உதவி’ என்ற பெயர் கொண்ட ஆரோவில் பள்ளியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரும்பையிலுள்ள கிராமச் செயல் குழு பல ஆண்டுகளாகப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களை நடத்தி வருகிறது. இவை உண்மையான நன்மைகள். ஆயினும், எல்லோரும் சமம் என்று பேசப்படும் ஓரிடத்தில் ஒருவர் மாதப் பராமரிப்புத் தொகை பெறுகிறவராகவும், அதே சமையலறையைக் கூட்டித் துடைப்பவர் நாட்கூலி பெறுகிறவராகவும் இருப்பதை நீங்கள் கண்ணால் காண்பீர்கள். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகிய நான்கும் ஆரோவில்லின் மொழிகள் என்று சொல்லப்பட்டாலும் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நீங்கள் தமிழ் தெரிந்தவர், நன்றாகப் படித்தவர். ஆகையால் தோட்டத்தில் உங்களோடு வேலை செய்யும் அக்காவின் பெயரையும் ஊரையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரோடு பேசாமல் அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்த நிலத்தை நீங்கள் அறிந்தவராக மாட்டீர்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. வீடு பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அங்கே முடிவுகளை எடுப்பவர் யார்? மரம் வெட்டியது தொடர்பான வழக்குகளைச் செய்திகளில் படித்தபோது, கூட்டாக முடிவெடுக்கும் இடத்தில் இவ்வளவு பிணக்கு எப்படி வந்தது என்று கவலையாக இருந்தது. பக்தி பற்றிய கேள்விக்கும் யாரேனும் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 3 (வழக்கறிஞர்)

இரண்டு கேள்விகளும் சட்டத்தோடு தொடர்புடையவை என்பதால் நான் எழுதுகிறேன்.

அன்னை 1973 நவம்பரில் மறைந்த பிறகு, ஆரோவில்லை யார் நடத்துவது என்பதில் அத்திட்டத்தைத் தொடங்கிய அமைப்பான அரவிந்தர் சங்கத்துக்கும் அங்கே குடியிருந்தவர்களுக்கும் கடும் பூசல் எழுந்தது. 1980-இல் மத்திய அரசு ஒரு தற்காலிகச் சட்டத்தின் மூலம் நிர்வாகத்தை ஏற்றது. மத நிறுவனத்தின் உரிமையில் அரசு தலையிடுகிறது என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அரவிந்தரின் போதனை ஒரு மதம் ஆகாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. உங்கள் பக்தி பற்றிய ஐயத்துக்கு இது ஓரளவு விடையாகும். அங்கே சடங்கோ தீட்சையோ கிடையாது. அதே நேரத்தில், ஆரோவில்லில் வாழ விரும்புகிறவர் இறையுணர்வுக்கு மனமுவந்து பணி செய்பவராக இருக்க வேண்டும் என்று அதன் சாசனத்தின் முதல் பகுதியே சொல்கிறது. அரவிந்தரை வழிபட வேண்டியதில்லை. ஆனால் அகவளர்ச்சி என்ற சொல்லே உங்களுக்கு ஒவ்வாது என்றால் அந்த இடம் உங்களுக்கு ஏற்றதன்று என்றே நான் கருதுகிறேன். அப்படியானால் காடு வளர்ப்போ இயற்கை வேளாண்மையோ செய்யும் வேறொரு சிறு குழுவைத் தேடுவது உங்களுக்கும் அவர்களுக்கும் நேர்மையானது.

இப்போதைய அமைப்பு 1988-ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின்படி அமைந்தது. மத்திய அரசு நியமிக்கும் ஆட்சிக் குழு, பதிவேட்டில் உள்ள வயதுவந்த குடியிருப்போர் அனைவரும் அடங்கிய குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என்று அதில் மூன்று அமைப்புகள் உண்டு. பேரவையின் இசைவு எங்கே தேவை, ஆட்சிக் குழுவின் ஆணை எங்கே செல்லும் என்பதுதான் இன்றைய பிணக்கின் வேர். ஐம்பதாயிரம் பேருக்கென்று திட்டமிடப்பட்ட நகரத்தில் சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். வட்டச்சாலை உள்ளிட்ட திட்டங்களை விரைந்து முடிக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், வளர்ந்த காட்டைக் கணக்கில் கொண்டு திட்டத்தை மாற்றியமைக்க வேண்டும் என்று மறுதரப்பும் நிற்க, 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது பூசல் வெடித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் அந்தப் பணிகளுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

இரு தரப்பிலும் அந்த இடத்தை உளமார நேசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் நன்கு அறிவேன். போகிறவர் எந்தத் தரப்பிலும் முதல் மாதமே சேர்ந்துவிடாமல், இரு தரப்பாரோடும் உணவு மேசையில் அமர்ந்து கேட்டுப் பழக வேண்டும். சோலார் கிச்சனின் மதிய உணவு வேளை இதற்கு ஏற்றது. வெயிலைக் குவித்துச் சமையலுக்கு நீராவி உண்டாக்கவென்று கூரைமேல் 15 மீட்டர் அகலக் குவியாடி அமைக்கப்பட்ட அந்தப் பொது உணவுக்கூடத்தில் எல்லா வகையினரும் வருவார்கள்.

உங்களுக்கு ஒரு நடைமுறை யோசனை சொல்கிறேன். நிறுவனத்தில் ஊதியமில்லா நீண்ட விடுப்புக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பணியைத் துறக்காமலே தொண்டராக இருந்துவிடலாம். பெற்றோரையும் சில நாள் அழைத்துச் சென்று, நீங்கள் வேலை செய்யும் இடத்தையும் உடன் இருப்பவர்களையும் நேரில் காட்டுங்கள்.